லாரி நிற்காத தெரு

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. ஐப்பசியின் கடைசி நாள். தீபாவளி கழிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறிய கஜா புயல், பொழுது விடிவதற்குள் காவிரிக் கடைமடையைப் புரட்டிப் போட்டுவிட்டது. கரையோடு ஓய்ந்துவிடும் என்று நினைத்த காற்று பட்டுக்கோட்டை, பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி என்று உள்ளே இறங்கி, திண்டுக்கல் மாவட்டம் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டு போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அந்தக் கார்த்திகை மாதத்தை நினைத்தால் எல்லோர் கண்ணிலும் முதலில் நிற்பது வேரோடு சாய்ந்து கிடந்த தென்னந்தோப்புகள்தான். எனக்கு அவற்றோடு சேர்ந்து நினைவில் நிற்பது சாலை. சென்னை, கோவை, திருப்பூர், மதுரை என்று எங்கெங்கிருந்தோ வந்த லாரிகளும் வேன்களும், முன்பக்கத்தில் ‘புயல் நிவாரணம்’ என்று எழுதிக் கட்டிய துணியோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அரிசி, தண்ணீர் கேன், மெழுகுவத்தி, கொசுவத்தி, பாய், போர்வை, தார்ப்பாய். யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல் வந்தவர்கள் அவர்கள். அந்த மனதைக் குறைத்துச் சொல்ல இந்தக் கட்டுரையில் எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அந்த லாரிகள் எங்கே நின்றன, எங்கே நிற்காமல் போயின என்பதை அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

லாரி நிற்பதற்குக் காரணங்கள் எளிமையானவை. அகலமான சாலையில் மரங்களை முதலில் வெட்டி அகற்றுவார்கள். உள்ளூர்ச் சாலையில் விழுந்தது பல நாள் அப்படியே கிடக்கும். செல்போன் கோபுரத்துக்கு மின்சாரம் இல்லாதபோது உள்ளே இருக்கும் ஊரிலிருந்து ‘எங்களுக்கு இன்னது வேண்டும்’ என்று சொல்லவும் வழியிருக்காது. இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய ஓட்டுநர், கூட்டம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் பிரேக் போடுவார். கூட்டமாக நிற்கக்கூடியவர்கள் யார்? சாலையோரத்து ஊர்க்காரர்கள், உடம்பில் தெம்பு உள்ளவர்கள், நாலு பேரைத் திரட்டி வண்டியை மறிக்கத் தெரிந்த இளைஞர்கள். படுக்கையில் கிடக்கும் கிழவியோ, கைக்குழந்தையோடு ஒண்டியாக இருப்பவளோ, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியில் இருப்பவரோ அந்தக் கூட்டத்தில் வந்து நிற்பதில்லை. அதனால் ஒரே வீட்டில் மூன்று தார்ப்பாயும், அரை மைல் தள்ளி ஒரு தெரு முழுக்க ஒன்றுகூட இல்லாமலும் போகிறது. இதைப் பார்த்துவிட்டு ‘மக்களே பேராசைக்காரர்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. நாளை இன்னொரு வண்டி வருமா என்று தெரியாதவர் இன்று வந்ததைப் பிடித்து வைத்துக்கொள்வதில் பேராசை ஏதும் இல்லை. வண்டியில் வந்தவர்கள் கையிலும் நின்றவர்கள் கையிலும் இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: பட்டியல். எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார், அவர்களுக்கு என்ன இல்லை என்ற பட்டியல். நிவாரணம் நியாயமாகப் போகுமா போகாதா என்பது பொருள் வருமுன்னே, அந்தப் பட்டியலை யார் எழுதுகிறார்கள், யார் முன்னால் வாசிக்கிறார்கள் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது. எழுதும் கை அந்தத் தெருவின் கையாக இருக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்தது.

அரசிடம் பட்டியல் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் அது சேதத்தின் பட்டியல். கஜாவுக்குப் பிறகு விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. ஹெக்டேருக்கு 175 மரம் என்று கணக்கிட்டால் 1,92,500 ரூபாய். இருபது வருடம் பிள்ளை மாதிரி வளர்த்த தோப்பை இழந்த விவசாயிக்கு அந்தத் தொகை எந்த மூலைக்கும் காணாது. புதுக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் அதே தோப்பை நம்பி இன்னும் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பாருங்கள். மரம் ஏறிக் காய் வெட்டுகிறவர், தேங்காய் உரிக்கிறவர், மட்டையை ஊறப்போட்டுக் கீற்று முடைகிற பெண், விளக்குமாற்றுக்கு ஈர்க்கு கிழிக்கிற பாட்டி, கயிறு ஆலையில் தினக்கூலிக்குப் போகிறவர். கீற்று முடைகிறவளுக்கு வேண்டியது பச்சை மட்டையும், அதை ஊறவைக்க ஒரு குட்டையும், காலை நீட்டி உட்கார ஒரு நிழலும்தான். புயல் அடித்த முதல் இரண்டு மூன்று வாரம் மட்டைக்குப் பஞ்சமில்லை. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தும் கூலி வேலையும் கிடைத்தது. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒன்றும் இல்லை. மரத்துக்கு விலை போட்ட பட்டியலில் அவள் பெயர் வர வழியே கிடையாது, ஏனென்றால் அவளுக்கு மரம் இல்லை. வி.ஏ.ஓ. நேர்மையானவராக இருந்தாலும், ஒரு பைசா கைமாறாமல் இருந்தாலும், அவள் பெயர் வராது. அதனால்தான் நிவாரணத்தில் நடக்கும் அநியாயத்தை எல்லாம் லஞ்சம் என்ற ஒற்றைச் சொல்லில் அடைத்துவிடுவதை நான் ஏற்பதில்லை. சொத்து இருப்பவரின் இழப்பு மட்டும் இழப்பாகத் தெரிகிற ஒரு படிவம், யோக்கியமான கைகளிலும் அநியாயத்தைத்தான் எழுதும்.

வீட்டுக் கணக்கிலும் இதே சிக்கல். முழுதாகச் சேதமான குடிசைக்கு 10,000 ரூபாய், பகுதி சேதமானதற்கு 4,100 ரூபாய். கூரை முழுக்கப் பறந்துபோய் மண்சுவர் மட்டும் நின்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சுவர் நிற்கிறது என்று பகுதிச் சேதம் போட்டுவிடலாம். அந்தச் சுவர் இரண்டு மழை நனைந்தபின் தானாகக் கரைந்து விழுந்திருக்கும், அப்போது கணக்கெடுப்பு முடிந்துவிட்டிருக்கும். அடுத்தது குடும்ப அட்டை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பொதுவான ரேஷன் இருப்பது பெரிய பலம். பல மாநிலங்களில் இல்லாத ஒன்று, நாம் மதிக்க வேண்டியது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு எரிகிற வீடுகள் கடைமடையில் நிறைய. கல்யாணமான மகன் தனியாகச் சமைப்பான். அட்டையில் இன்னும் அப்பாவின் பெயருக்குக் கீழேயே இருப்பான். அட்டைக்கு ஒரு நிவாரணப் பெட்டி என்றால் இரண்டு அடுப்புக்கு ஒரு பெட்டி. புறம்போக்கில் குடிசை போட்டவர், உப்பளத்துக்கோ செங்கல் சூளைக்கோ வேறு மாவட்டத்திலிருந்து வந்து தங்கியவர், அட்டை சொந்த ஊரில் இருப்பவர், இவர்கள் எல்லாம் எந்தக் கிராமத்துக் கணக்கிலும் சேராதவர்கள். இதைத் தெருவில் இருப்பவர்களால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட முடியும். சொல்லக்கூடிய, சொன்னதற்குப் பொறுப்பேற்கக்கூடிய வார்டு உறுப்பினர் அன்று இல்லை என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். கஜா அடித்தபோது கிராமங்களை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். ஒருவர் பொறுப்பில் பல ஊராட்சிகள். புயலுக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் அரசு வாகனங்கள் எரிக்கப்பட்ட செய்தியைப் படித்தவர்கள் அதை வன்முறை என்று கண்டித்தார்கள், கண்டிக்க வேண்டியதுதான். போய்க் கேட்க ஒரு வாசற்படி இல்லாத ஊரில் கோபம் சாலைக்கு வருகிறது என்பதையும் சேர்த்தே படித்திருக்க வேண்டும்.

அப்படியானால் ஊரே பட்டியல் எழுதட்டும் என்று விட்டுவிடலாமா? இங்கேதான் எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய மிக வலுவான வாதம் வருகிறது. அதற்கான சான்று இதே கரையில், 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம், 6,000க்கும் மேல். அங்கே மீனவர் குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்து அந்த நாட்களில் செய்தது சாதாரணக் காரியம் இல்லை. பிணங்களை எடுத்து அடக்கம் செய்வதிலிருந்து, வந்த பொருளைக் கோயில் வாசலில் ஒன்றாகக் குவித்து ஊர் முழுக்கப் பங்கு பிரிப்பது வரை, எந்த அலுவலகமும் அசைவதற்கு முன்னால் அது அசைந்தது. பங்குக்கு அளவுகோல் தலைக்கட்டு. ஊர் வரி கட்டுகிற குடும்பத் தலைவர் ஒருவருக்கு ஒரு பங்கு. திருவிழாவுக்கு வரி பிரிக்கப் பல தலைமுறையாக இருந்த கணக்கு, எல்லோருக்கும் மனப்பாடமானது, ஒருவரும் ஏமாற்ற முடியாதது. அந்த அளவில் அது அற்புதமான பட்டியல். ஆனால் கணவனை இழந்தவள் பல ஊர்களில் தலைக்கட்டு ஆகமாட்டாள். கடலுக்குப் போகாமல் கரையில் கூடை சுமந்தும் வயல் வேலை பார்த்தும் பிழைத்த தலித் குடும்பங்கள் அந்தக் கணக்கிலேயே கிடையாது, இருளர்களும் கிடையாது. முகாமில் ஒன்றாகத் தங்குவதிலும், தண்ணீர்த் தொட்டியிலும், பொருள் பங்கீட்டிலும் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை அந்த மாதங்களிலேயே மனித உரிமை அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தன. ‘பாதிக்கப்பட்டவர்கள் என்றால் மீனவர்கள்’ என்று வெளியிலிருந்து வந்த உதவிக்காரர்களும் எண்ணிக்கொண்டதால் அந்த ஒதுக்கல் இன்னும் கெட்டிப்பட்டது. ஆக, உள்ளூர்க்காரர்கள் என்ற ஒரே தகுதி போதாது. ஊர் என்று நாம் சொல்லும்போது பாதித் தெருக்கள் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. காலனி என்றும் சேரி என்றும் தனியாகப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் நாட்டில் இதை நடித்து மறைத்துப் பயனில்லை.

இந்த வாதத்தின் உண்மையை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். அதிலிருந்து எடுக்கும் முடிவை ஒப்புக்கொள்ளவில்லை. ஊருக்குள் சாதி இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து வருபவரே கொடுக்கட்டும் என்பார்கள். வெளியிலிருந்து வருபவர் முதலில் யாரைப் பார்ப்பார்? சாலையோரத்தில் வேட்டி சட்டையோடு நிற்கிற பெரியவரைத்தான். அவர் காட்டுகிற தெருவுக்குத்தான் போவார். ஊரின் பழைய அதிகாரம் வெளியாளின் கையாலும் அதே வழியில்தான் வேலை செய்யும். யாரும் அதைப் பார்க்கவும் மாட்டார்கள். அதைத் தடுக்கும் வழி, எழுதுகிறவர்களை ஒரே ஆளாக, ஒரே தெருவாக விடாமல் இருப்பதும், எழுதியதை எல்லோர் காதிலும் விழச் சத்தமாக வாசிப்பதும். ஒவ்வொரு தெருவிலிருந்தும் இருவர், அதில் ஒருவராவது பெண். காலனித் தெருவின் பட்டியலைக் காலனியே எழுத வேண்டும். இது ஆகாத காரியம் ஒன்றும் இல்லை. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இன்று மாநிலம் முழுக்கத் தெருத்தெருவாக இருக்கின்றன. வாரம் ஒரு கூட்டம், ஆளாளுக்குச் சந்தா, யார் கடன் வாங்கினார், யார் தவணை தவறினார் என்று எல்லோர் முன்னிலும் நோட்டைப் பிரித்து வாசிக்கும் பழக்கம். எந்த வீட்டில் உலை கொதிக்கவில்லை என்பதை அந்தப் பெண்களைவிட நன்றாக அறிந்த அதிகாரி யாரும் கிடையாது. வாசித்துச் சரிபார்ப்பதும் நமக்குப் புதிதில்லை. நூறு நாள் வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமே சமூகத் தணிக்கையைக் கிராமசபையின் கையில் கொடுத்தது. வேலைக்கே வராதவர் பெயர் பட்டியலில் இருந்தால் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்டுவிடுவார்கள். தார்ப்பாய்க்கும் அதே கேள்வியைக் கேட்க முடியும். ‘அந்த வீட்டுக்காரர் மாடி வீட்டில் இருக்கிறார், எதற்கு?’ என்று ஒரு குரலும், ‘வாய்க்கால் கரையில் இரண்டு வீடு விட்டுப்போச்சு’ என்று ஒரு குரலும் எழுந்தால் அந்தப் பட்டியல் பாதி திருந்திவிடும். வாசிக்கும் இடமும் முக்கியம்: கோயில் வாசலில் வைத்து வாசித்தால் சிலர் வரமாட்டார்கள், வரவும் விடமாட்டார்கள். பள்ளிக்கூட மைதானம் நல்லது.

நாகையிலேயே இதற்கு இன்னொரு முன்னுதாரணமும் இருந்தது. சுனாமி நடந்த சில நாட்களில், குவிந்த தொண்டு நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தபோது, தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஸ்நேகா தொண்டு நிறுவனமும் முன்நின்று, மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின. எந்த ஊருக்கு எது போயிருக்கிறது, எது போகவில்லை என்பதைத் திரட்டி, வந்தவர்களைத் திசை திருப்பி அனுப்புவதுதான் அதன் முதல் வேலை. பொருள் கொடுப்பதைவிட அதற்குக் குறைவான புகழ்தான் கிடைக்கும். படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை. சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து மட்கிய பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

பசியோடு இருப்பவனை உட்காரவைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதல் மூன்று நாளுக்கு எந்தப் பட்டியலும் வேண்டாம் என்றே நானும் சொல்வேன். அந்த நாட்களில் வேண்டியது பொது அடுப்பு. பெரிய அண்டாவில் சாம்பார் சாதமோ தக்காளி சாதமோ கிளறி வைத்துவிட்டால் வேண்டியவர் வந்து சாப்பிடுவார். வேண்டாதவர் வரிசையில் நிற்கமாட்டார். சமைத்த சோற்றைப் பதுக்கி வைக்க முடியாது என்பதே அதன் நியாயம். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் எடுத்துப் போக வேண்டும். எடுத்துப் போகும் பையன்கள் எந்தெந்த வீட்டுக்குப் போனார்கள் என்பதே பட்டியலின் முதல் பக்கமாகிவிடும். நாலாவது நாளிலிருந்து நிலைமை வேறு. அரிசி, தார்ப்பாய், பணம் என்று வைத்துக்கொள்ளக்கூடிய பொருள் வரத் தொடங்கும்போது, பட்டியல் இல்லாமல் கொடுப்பது வேகமாகத் தோன்றினாலும் அந்த வேகம் சாலையோரத்தோடு நின்றுவிடுகிறது. நூறு வீடுள்ள ஒரு தெருவை இரண்டு பெண்கள் ஒரு பகலில் நடந்து எழுதிவிட முடியும். ஒரு நாள் தாமதம் பெரிது என்று வாதிடுபவர்கள், கடைசித் தெருவுக்குப் பத்து நாள் ஒன்றும் போகாமல் இருந்ததைத் தாமதக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இன்னொரு மறுப்பு ஊர்க்காரர்களிடமிருந்தே வரும்: எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுத்துவிட்டால் சண்டை இல்லை. சமத்துவம் என்ற பெரிய சொல்லை எடுத்துக்கொண்டு இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெள்ளம் வடிந்தபின்னும் அதே தெருவில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள் பேசும் விவேகம் அது. பணத்தைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னைப் பகுதியிலும், அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டிய மழைக்குப் பின் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும், ரேஷன் கடை வழியாக அட்டைக்கு 6,000 ரூபாய் என்று ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்டது. யார் தகுதியானவர் என்று சல்லடை போட்டுச் சலித்திருந்தால் பொங்கல் தாண்டியும் கொடுத்திருக்க முடியாது. முதல் தவணைப் பணம் எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். பொருளுக்கும் தொழிலுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. மாடி வீட்டுக்கும் கூரையிழந்த குடிசைக்கும் ஆளுக்கொரு தார்ப்பாய் என்றால், மாடி வீட்டுத் தார்ப்பாய் நெல்லை மூடத்தான் போகும். சுனாமிக்குப் பிறகு படகு கொடுத்த கதையை நினைத்துப் பார்க்கலாம். போட்டி போட்டுக்கொண்டு நிறுவனங்கள் ஃபைபர் படகுகளை வழங்கியதில், சில ஊர்களில் அலை கொண்டுபோனதைவிடக் கூடுதலான படகுகள் கரையில் நின்றன. ஆளுக்கொரு படகு ஆனபோது துணைக்குக் கடலுக்கு வர ஆள் இல்லை. மீனும் அதே மீன்தான். அதே கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்களுக்கு ஓர் அலுமினியக் கூடையும் ஆயிரம் இரண்டாயிரம் கைமுதலும் இருந்தால் அடுத்த வாரமே சந்தைக்குக் கிளம்பியிருப்பார்கள். சண்டை வராமல் இருக்க வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் வழியும் வாசிப்புதான். ஏன் அவளுக்கு இரண்டு, எனக்கு ஒன்று என்ற காரணத்தை எல்லோர் முன்னிலும் கேட்டவர்கள் முணுமுணுப்பார்கள். காரணம் தெரியாமல் விடப்பட்டவர்கள்தான் கட்டிப் புரள்வார்கள்.

கடைசியாக, இதையெல்லாம் மக்களே செய்துகொண்டால் அரசு கை கழுவிவிடும் என்ற அச்சம். இந்த அச்சம் எனக்கும் உண்டு. நிவாரணம் என்பது தருமம் அன்று. சட்டப்படி வர வேண்டியது. சுனாமி நடந்து ஓராண்டு நிறையும் வேளையில் வந்த 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கச் சொல்கிறது. கணவனை இழந்தவர்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது. 61ஆம் பிரிவு, பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் எதன் பேராலும் நிவாரணத்தில் பாகுபாடு கூடாது என்று தடுக்கிறது. அந்த வரி சட்டத்தில் ஏறுவதற்கு முந்தைய வருடம் இந்தக் கரையில் என்ன நடந்தது என்பதை நினைத்தால் அதன் கனம் புரியும். ஆனால் எனக்குக் கிடைக்கவில்லை என்று ஒருத்தி முறையிட வேண்டுமானால், பக்கத்தில் யாருக்கெல்லாம் கிடைத்தது என்று காட்ட அவள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தெருவே எழுதி, வாசித்து, கையெழுத்துப் போட்ட பட்டியலைத் தவிர வேறு எது அதற்குச் சாட்சி? கஜாவுக்கு மாநில அரசு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் கேட்டது. மத்திய அரசின் உயர்நிலைக் குழு டிசம்பர் கடைசியில் ஒப்புதல் தந்தது 1,146 கோடி ரூபாய்க்கு. இவ்வளவு இடைவெளி உள்ள இடத்தில் மிச்சமிருப்பது யாருக்கு முதலில் போக வேண்டும் என்ற கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தெருக் குழு அரசுக்குப் பதிலாக அரிசி கொடுக்கும் அமைப்பாக மாறிவிட்டால் அந்த அச்சம் உண்மையாகிவிடும். அதன் வேலை எழுதுவதும் வாசிப்பதும் கேட்பதும். பேராவூரணிப் பக்கத்து இளைஞர்கள் கஜாவுக்குப் பிறகு கலைந்து போய்விடாமல், கடைமடை விவசாயிகளாக ஒன்றுகூடி, மறு வருடம் பெரியகுளம் ஏரியைத் தூர்வாரக் கிளம்பியதும் இந்த வழியில் வந்ததுதான். நிவாரணத்துக்காகக் கூடியவர்கள் தண்ணீருக்காகவும் கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தப் பட்டியல் காற்று அடித்த பிறகு தொடங்க வேண்டியதும் இல்லை. கஜா இரவில் பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பூப்பெய்திய சிறுமி ஒருத்தி தீட்டு என்று வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். தென்னை மரம் அதன்மேல் விழுந்ததில் இறந்துபோனாள். எச்சரிக்கை நேரத்துக்கு வந்தது, முகாம்கள் திறந்திருந்தன, ஆட்களைக் கூட்டிப் போக வண்டிகளும் இருந்தன. அந்த இரவில் எந்த வீட்டில் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று கேட்டு எழுத ஒருவர் இல்லை. பக்கத்துத் தெருப் பெண்களுக்கு அவள் வெளியே இருப்பது தெரியாமல் இருந்திருக்காது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்குகிறது. அக்டோபர் 2 அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராமசபை கூடுகிறது. 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்றும் கூடுகிறது. 2025 ஜனவரியோடு பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து பேசும் உரிமை ஊருக்கு இருக்கிறது. வரவு செலவு வாசித்து முடித்தபின் இதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்: எந்தக் கூரை காற்றுக்குத் தாங்காது, யாருக்கு நடக்க முடியாது, யார் இன்சுலின் போட்டுக்கொள்கிறார், எந்தக் கர்ப்பிணிக்கு ஐப்பசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் இரண்டு அடுப்பு, எந்த வீட்டுப் பெண் வெளியே படுக்கிறாள்.